மாதிரிக்கு ஒரு பக்கம்: சாமுவேல் ஜோன்சனும் எழுத்துக் கூலியும்

எழுதிப் பிழைக்க விரும்புகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது 'நீ எழுதியது ஏதாவது இருந்தால் காட்டு' என்பதுதான். பட்டம் உள்ளவன் பட்டத்தைக் காட்டலாம். பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவன் சிபாரிசுக் கடிதத்தைக் காட்டலாம். இரண்டும் இல்லாதவனுக்கு மிஞ்சுவது அவன் எழுதிய பக்கம் மட்டுமே. அந்தப் பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் கொடுத்த பக்கம் அதன்பின் என்னவாகும் என்பது கொடுத்தவனின் கையில் இல்லை.

மாதிரி காட்டி வேலை கேட்கும் இந்த வழக்கத்தின் வரலாற்றை எழுதினால் அதில் ஒரு பெரிய அத்தியாயம் 18ஆம் நூற்றாண்டு லண்டனுக்குரியதாக இருக்கும். அந்த அத்தியாயத்தின் நடுவில் சாமுவேல் ஜோன்சன் நிற்பார். ஆங்கில அகராதியைத் தந்த 'டொக்டர் ஜோன்சன்' என்றுதான் நம்மில் பலர் அவரைக் கேள்விப்பட்டிருப்போம். தடித்த உடம்பும் தலையில் செயற்கை முடியுமாக, மேசையைச் சுற்றியிருப்போரை வாதத்தில் மடக்கும் முதியவராகத்தான் அவர் படங்களிலும் கதைகளிலும் வருகிறார். அது அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு உண்டான தோற்றம். அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் படிப்பை இடையில் விட்டவர். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர். மாதிரிப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு அச்சகங்களின் கதவைத் தட்டியவர். அந்த ஜோன்சனைப் பற்றியதே இக்கட்டுரை.

கையின் மாதிரியும் சொல்லின் மாதிரியும்

அச்சுயந்திரம் வருமுன் ஐரோப்பாவில் புத்தகம் என்பது கையால் பிரதி செய்யப்படுவது. தேவாலயங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கூலிக்குப் பிரதி எடுத்துக்கொடுப்போர் நகரங்களில் இருந்தார்கள். தமக்கு எந்தெந்த எழுத்து வகைகள் கைவரும் என்று காட்டுவதற்கு அவர்கள் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய தாள்கள் ஒரு சில இன்றும் மிஞ்சியுள்ளன. ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகரத்தவரான ஹேர்மன் ஸ்ரேப்பெல் 1447இல் எழுதிய இன்னொன்று நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள நூலகமொன்றில் இருக்கிறது. சில சொற்கள் ஒரு வகை எழுத்தில், அடுத்த சில சொற்கள் வேறொரு வகையில், கூடவே அந்த எழுத்து வகையின் பெயர் என்று அது அமைந்திருக்கிறது. இத்தாள்கள் கடைவாசலில் தொங்கவிடப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அச்சு வந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் கக்ஸ்ரன் 1477 அளவில் தன் புத்தகமொன்றுக்கு அச்சிட்ட சிறிய விளம்பரத் துண்டு, புத்தகத்தில் உள்ள அதே எழுத்திலேயே அச்சிடப்பட்டது. இந்த எழுத்தைப் பார், புத்தகமும் இப்படித்தான் இருக்கும், வெஸ்ற்மின்ஸ்ரருக்கு வந்து மலிவாக வாங்கிக்கொள் என்பதே அதன் செய்தி.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்ரேப்பெல் விற்றது தன் கையை. தாளில் இருந்த சொற்கள் அவருடையவை அல்ல. வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறவரால் எதையும் எடுத்துக்கொண்டு போகமுடியாது. அவருக்குப் பிரதி வேண்டுமென்றால் திரும்பவும் அந்தக் கையிடம்தான் வரவேண்டும். சொல்லையே விற்க வந்தவனின் நிலை வேறு. அவன் காட்டும் மாதிரி சரக்கின் படம் அல்ல. சரக்கின் ஒரு பகுதி. படித்து முடித்த கணத்திலேயே அதன் பயன் படித்தவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உணவகச் சமையலறைகளில் வேலை தேடிப் போனவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 'ட்ரையல்' என்று சொல்லி ஒரு வெள்ளி இரவு நிற்கச் சொல்வார்கள். மூட்டை வெங்காயத்தை உரித்துக் காட்டினால் உரித்த வெங்காயம் அன்றிரவே கறிக்குப் போய்விடும். நான் அப்படிக் கூலியில்லாமல் நின்று, பிறகு கூப்பிடப்படாத ஓரிடத்தில், அடுத்தடுத்த வெள்ளிகளில் வேறு வேறு ஆட்கள் வந்து நின்றதாக அங்கு வேலைசெய்த ஒருவர் பின்னர் சொன்னார். மொழிபெயர்ப்பு வேலை கேட்டுப் போகும் நம்மவர்களிடம் 'பரீட்சைக்கு' என்று இரண்டு மூன்று பக்கம் கேட்கப்படுவதும் இதே வகைதான். ஜோன்சன் இருபத்தைந்து வயதில் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தபோது இந்த அச்சம் எவ்வளவு பழையது என்று தெரிந்தது.

'எஸ். ஸ்மித்'

ஜோன்சன் 1709இல் லிச்பீல்ட் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தந்தை புத்தகக் கடை வைத்து நொடித்தவர். 1728இல் ஒக்ஸ்போர்டின் பெம்புறோக் கல்லூரியில் சேர்ந்த ஜோன்சன், பதின்மூன்று மாதங்களில் காசில்லாமல் வெளியேறினார். அவருடைய சப்பாத்து கிழிந்து கால்விரல் வெளியே தெரிந்ததைக் கண்ட யாரோ ஒருவர் புதுச் சோடி ஒன்றை அவரது அறை வாசலில் வைத்துவிட்டுப் போனதாகவும், அவர் அதைத் தூக்கி எறிந்ததாகவும் அவரது வாழ்க்கையை எழுதிய பொஸ்வெல் சொல்கிறார். பட்டம் இல்லாததால் நல்ல பாடசாலைகளில் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அபிசீனியாவுக்குப் போன போர்த்துக்கேயப் பாதிரியார் லோபோவின் பயணநூலைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்தார். 1735இல் வெளிவந்த அந்நூலுக்குக் கிடைத்த கூலி ஐந்து கினி. ஒரு கினி என்பது 21 ஷிலிங், அதாவது ஒரு பவுணும் ஒரு ஷிலிங்கும்.

அக்காலத்தில் லண்டனில் எட்வேர்ட் கேவ் என்பவர் 'ஜென்ரில்மன்ஸ் மகசின்' என்ற மாத இதழை நடத்திவந்தார். சப்பாத்துத் தைப்பவரின் மகன் அவர். 1731இல் தொடங்கிய அந்த இதழோடுதான் 'மகசின்' என்ற சொல் பத்திரிகையைக் குறிக்கத் தொடங்கியது. களஞ்சியம் என்ற பொருளில் அரபு மொழியிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல் அது. கேவின் இதழும் களஞ்சியம்தான்: மற்றப் பத்திரிகைகளில் வந்தவற்றைச் சுருக்கித் தொகுத்து நிரப்பப்பட்டது. கவிதைப் பக்கத்தை நிரப்ப அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாழ்வு, மரணம், தீர்ப்பு, சொர்க்கம், நரகம் ஆகியவை பற்றிய சிறந்த கவிதைக்கு ஐம்பது பவுண் பரிசு என்று அறிவித்தார். பரிசு ஒருவருக்கு; வந்து குவியும் கவிதைகளோ இதழுக்கு.

1734 நவம்பர் 25இல் கேவுக்குப் பேர்மிங்ஹாமிலிருந்து ஒரு கடிதம் போனது. உங்கள் இதழின் கவிதைப் பகுதி குறைபாடுடையது, அதைத் திருத்தி நிரப்ப எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நிபந்தனைகளைத் தெரிவியுங்கள் என்று அது சொன்னது. பதிலை 'எஸ். ஸ்மித்' என்ற பெயருக்கு ஒரு விடுதி முகவரிக்கு அனுப்பும்படி கேட்டிருந்தது. எழுதியவர் ஜோன்சன். அக்கடிதத்தின் முடிவில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். தன்னிடம் வேறு திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் தான் கோடிகாட்டும் யோசனையின் பலனை வேறு யாரும் அறுவடை செய்துவிடமாட்டார்கள் என்ற உறுதி கிடைத்தால்தான் அவற்றை வெளியிட முடியும் என்கிறார்.

கேவ் பதில் எழுதினார். ஆனால் அதிலிருந்து வேலை எதுவும் பிறக்கவில்லை. ஜோன்சன் திருமணம் செய்து, மனைவியின் காசில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு சில மாணவர்களுக்கு மேல் சேராமல் அதையும் மூடினார். 1737 மார்ச்சில், பின்னாளில் பெரும் நடிகராகப் புகழ்பெற்ற தன் மாணவன் டேவிட் கரிக்குடன் லண்டனுக்குப் புறப்பட்டார்.

லண்டனில் ஓர் அந்நியர்

1737 யூலை 12இல் கிறீனிச்சிலிருந்து கேவுக்கு மீண்டும் எழுதுகிறார், இம்முறை சொந்தப் பெயரில். தன்னை லண்டனுக்கு அந்நியர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். திரெந்துப் பொதுச்சங்கத்தைப் பற்றி இத்தாலியரான பாவோலோ சார்ப்பி எழுதிய வரலாற்றைப் புதிதாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கலாம் என்பது யோசனை. அந்நூல் ஏற்கெனவே ஆங்கிலத்தில் உண்டே என்ற கேள்வி எழும் என்று அவருக்குத் தெரியும். பழைய மொழிபெயர்ப்பின் நடையை நிறையத் திருத்த இடமுண்டு. அதை என்னால் செய்ய முடியுமா என்பதை நான் சமர்ப்பிக்கும் மாதிரியைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்கிறார். ஆனால் மாதிரியைக் கடிதத்துடன் அனுப்பவில்லை. யோசனை பிடித்திருந்தால் மாதிரி வரும் என்கிறார். எஸ். ஸ்மித்தின் எச்சரிக்கை இன்னும் போகவில்லை.

அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றியது. 1738 மார்ச் இதழில் கேவைப் புகழ்ந்து ஜோன்சன் எழுதிய இலத்தீன் கவிதை வெளியானது. அதுவும் ஒருவகை மாதிரிதான். அதே காலத்தில் 'லண்டன்' என்ற தன் நீண்ட கவிதையைக் கேவுக்கு அனுப்பினார். இது என் நண்பர் ஒருவருடையது, அவர் மிகுந்த பணக்கஷ்டத்தில் இருக்கிறார், உங்களுக்குப் பிடிக்காத வரிகள் இருந்தால் மாற்றித் தரப்படும் என்று கூடவே எழுதினார். பசித்தவன் தானே என்று சொல்லாமல் இன்னொருவன் என்று சொல்லும் கூச்சம் அது. ஊரில் கடன் கேட்கப் போனவர்கள் எத்தனை பேர் 'தெரிந்த ஒருவருக்கு' என்று தொடங்கியிருப்பார்கள்!

கவிதை டொட்ஸ்லி என்ற புத்தகவியாபாரியிடம் பத்துக் கினிக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் புத்தகவியாபாரி என்றால் பதிப்பாளரும் அவரே. தன்னைவிடத் தகுதி குறைந்தவர் என்று ஜோன்சன் நினைத்த ஒருவருக்கு ஒரு கவிதைக்குப் பத்துக் கினி கிடைத்திருந்தது; அதைவிட ஒரு சதமும் குறைய வாங்குவதில்லை என்பது அவரது பிடிவாதம். 1738 மேயில் பெயரில்லாமல் வெளியான அது ஒரு வாரத்துக்குள் இரண்டாம் பதிப்புக் கண்டது.

சார்ப்பி மொழிபெயர்ப்பு வேறுவிதமாகப் போனது. கேவ் அதை ஏற்றுக்கொண்டார். முன்கூட்டிக் கையொப்பம் சேர்த்து அச்சிடுவது என்று தீர்மானமாகி 1738 ஒக்ரோபரில் அறிவிப்புத் தாள்கள் ஆறாயிரம் அச்சிடப்பட்டன. இந்தக் கையொப்ப முறை நமக்குப் புதிதல்ல. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டதும் இப்படித்தான்: நூல் வருமுன்னரே வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களின் கையொப்பத்தை நம்பி. புரவலர் ஒருவரின் தயவுக்குப் பதிலாகப் பல வாசகரின் சிறு காசு. ஜோன்சனுக்கோ அது கைகூடவில்லை. ஜோன்சன் என்றே பெயர்கொண்ட இன்னொருவர் அதே நூலைத் தானும் மொழிபெயர்ப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தார். இரண்டு முயற்சிகளும் ஒன்றையொன்று மறித்து விழுந்தன. சில தாள்கள் அச்சான நிலையில் வேலை கைவிடப்பட்டது. அதுவரை சிறுசிறு தொகையாக ஜோன்சன் பெற்றிருந்தது 49 பவுண் 7 ஷிலிங்.

அந்த ஆண்டில் கேவுக்கு எழுதிய கடிதமொன்றில் தன் பெயருக்கு முன்னால் ஒற்றை இலத்தீன் சொல்லைச் சேர்த்துக் கையெழுத்திடுகிறார். 'இம்பிரான்சஸ்' என்பது அச்சொல். இன்னும் சாப்பிடாதவன் என்று பொருள்.

திரைக்குப் பின்னால் ஒரு கோப்பை

கேவின் அச்சகம் கிளார்க்கன்வெல்லில் சென். ஜோன்ஸ் வாசல் என்ற பழைய கற்கட்டடத்தில் இருந்தது. 1504இல் கட்டப்பட்ட அந்த வாசல் பரிங்டன் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கு அருகே இப்போதும் நிற்கிறது. 1741 முதல் 1744 வரை ஜோன்சன் அங்கு செய்த முக்கிய வேலை நாடாளுமன்ற விவாதங்களை எழுதுவது. விவாதங்களை வெளியிடுவது அப்போது தடைசெய்யப்பட்டிருந்ததால் 'லில்லிபுட்' நாட்டுச் சபையின் விவாதங்கள் என்ற பெயரில் இதழ் அவற்றை வெளியிட்டது. யார் எந்தப் பக்கம் பேசினார்கள் என்ற சிறு குறிப்புகள் அவருக்குக் கிடைக்கும். பேச்சுகளை அவரே எழுதினார். இதழின் விற்பனை பத்தாயிரத்திலிருந்து பதினையாயிரமாக உயர்ந்தது என்று ஜோன்சனின் நண்பர் ஹோக்கின்ஸ் எழுதியிருக்கிறார். கேவ் ஒரு குதிரைவண்டி வாங்கினார். பிரபுக்கள் குலச்சின்னம் பொறிக்கும் கதவில் அவர் சென். ஜோன்ஸ் வாசலின் படத்தைப் பொறித்துக்கொண்டார். பேச்சுகளை எழுதியவரின் பெயர் இதழில் வரவில்லை.

1744இல் ஜோன்சன் தன் நண்பரும் கவிஞருமான ரிச்சேர்ட் சவேஜின் வாழ்க்கையை எழுதினார். சவேஜ் வீடில்லாமல் லண்டன் தெருக்களில் இரவெல்லாம் நடந்து திரிந்தவர். சில இரவுகளில் ஜோன்சனும் கூட நடந்திருக்கிறார். 1743இல் பிறிஸ்ரல் நகரச் சிறையில் கடனாளியாகச் சவேஜ் இறந்தார். அந்நூலுக்குக் கேவ் கொடுத்தது பதினைந்து கினி.

நூல் வெளிவந்த பின் நடந்ததாக எட்மன்ட் மலோன் குறித்துவைத்த ஒரு சம்பவம் உண்டு. வோல்ரர் ஹார்ட் என்ற எழுத்தாளர் கேவின் வீட்டில் சாப்பிட்டபோது சவேஜின் வாழ்க்கை நூலை மிகவும் புகழ்ந்தார். சில நாட்களின் பின் அவரைச் சந்தித்த கேவ், நீங்கள் அன்று ஒருவரை மகிழ்ச்சிப்படுத்திவிட்டீர்கள் என்றார். அன்று வீட்டில் நாம் இருவர்தானே இருந்தோம் என்று ஹார்ட் வியந்தார். மேசையிலிருந்து ஒரு கோப்பைச் சாப்பாடு திரைக்குப் பின்னால் போனது நினைவிருக்கிறதா என்று கேவ் கேட்டார். உடுப்பு கந்தலாக இருந்ததால் விருந்தினர் முன் வர விரும்பாத ஜோன்சன் அங்கே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இச்சம்பவம் வழக்கமாக ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மேசையிலிருப்போரின் பாராட்டைக் கேட்டவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. எழுத்து மேசைக்குப் போய்விட்டது; எழுதியவன் திரைக்குப் பின்னால். மாதிரிப் பக்கத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கோப்பையில் இருக்கிறது.

மக்பெத் குறிப்புகள்

1745இல் ஜோன்சன் மாதிரி தரும் முறையை மாற்றினார். சேக்ஸ்பியர் நாடகங்கள் முழுவதையும் திருத்திய புதிய பதிப்பாகக் கொண்டுவரவேண்டும் என்பது இப்போது அவர் திட்டம். அதற்கு மாதிரியாக மக்பெத் நாடகம் பற்றிய குறிப்புகளை எழுதினார். இம்முறை அதை மூடிய கடிதத்தில் ஒருவருக்கு அனுப்பவில்லை. ஒரு சிறு நூலாகவே கேவ் மூலம் ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டார். பத்துத் தொகுதிகளில் வரவிருக்கும் பதிப்புக்கான அறிவிப்பும் அதனுடன் சேர்ந்து வந்தது.

சில நாட்களுக்குள் பதில் வந்தது, வாசகரிடமிருந்து அல்ல. சேக்ஸ்பியரின் பதிப்புரிமை தங்களுடையது என்று உரிமை பாராட்டிய ஜேக்கப் ரொன்சன் என்ற பெரிய புத்தகவியாபாரி, வேலையைத் தொடர்ந்தால் வழக்குப் போடுவோம் என்று கேவுக்கு எழுதினார். 1710ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமைக்குக் கால எல்லை இருந்தது. சேக்ஸ்பியர் இறந்தோ நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பதிப்புரிமை நிரந்தரமானது என்றே லண்டன் வியாபாரிகள் வாதாடிவந்தார்கள். 1774இல்தான் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை நிராகரித்தது. 1745இல் கேவுக்கு வழக்காடும் எண்ணம் இருக்கவில்லை. திட்டம் நின்றது.

ஆனால் மாதிரி நிற்கவில்லை. அச்சில் இருந்ததால் அது தன்பாட்டில் கைமாறியது. ரொன்சனுக்காகச் சேக்ஸ்பியரைப் பதிப்பித்த வில்லியம் வார்பேட்டன் 1747இல் தன் முன்னுரையில் மற்ற விமர்சகர்கள் எல்லோரையும் ஏளனமாகத் தள்ளிவிட்டு, மக்பெத் குறிப்புகளை எழுதியவரை மட்டும் ஆற்றல் உள்ளவர் என்று விதிவிலக்காகக் குறிப்பிட்டார். எனக்குப் புகழ் மதிப்பாக இருந்த காலத்தில் அவர் என்னைப் புகழ்ந்தார் என்று ஜோன்சன் கடைசிவரை அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மூடிய கடிதத்தில் போன மாதிரிக்குச் சாட்சி இல்லை. அச்சில் போன மாதிரிக்குத் திகதி உண்டு, சாட்சிகள் உண்டு. யாராவது எடுத்துக்கொண்டால் இது முன்பே வந்தது என்று காட்டலாம். 1734இல் எஸ். ஸ்மித் கேட்ட உறுதியை யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று பதினொரு ஆண்டு அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அகராதியின் விலை

அடுத்த ஆண்டு டொட்ஸ்லி உள்ளிட்ட புத்தகவியாபாரிகள் சிலர் சேர்ந்து ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட முன்வந்தார்கள். 1746 ஏப்ரல் 30 திகதியிட்டு ஜோன்சன் அவர்களுக்காக ஒரு சுருக்கத் திட்டம் எழுதினார். கையெழுத்தில் பத்தொன்பது தாள். இன்று அது அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. எந்தச் சொற்களைச் சேர்ப்பது, எழுத்துக்கூட்டலை எப்படித் தீர்மானிப்பது, உச்சரிப்பு, வேர்ச்சொல், பொருள், மேற்கோள் என்று வேலை முழுவதும் அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சில சொற்களை எடுத்து எப்படிக் கையாளுவேன் என்று செய்தும் காட்டுகிறார். அகராதியின் ஒரு பகுதியையே செய்து கொடுத்துவிடவில்லை. செய்யத் தெரியும் என்பதை நிரூபிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்.

யூன் 18ஆம் திகதி ஹொல்போர்ன் பகுதியிலிருந்த ஒரு விடுதியில் காலைச் சாப்பாட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை 1,575 பவுண், தவணை முறையில். 1747இல் அத்திட்டம் விரிக்கப்பட்டு, செஸ்ரர்பீல்ட் பிரபுவுக்கு எழுதிய கடித வடிவில் நூலாக அச்சிடப்பட்டது. பிரபு பத்துப் பவுண் கொடுத்தார். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

மூன்று ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒன்பது ஆண்டு இழுத்தது. பிளீற் வீதிக்குப் பின்னாலுள்ள கோஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு எழுத்துதவியாளர்கள் நின்று மேற்கோள்களைப் பிரதி செய்தார்கள். அவர்களில் ஐந்து பேர் ஸ்கொட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களது கூலியும் அந்த 1,575 பவுணிலிருந்தே போனது. கணக்குப் பார்த்தபோது ஜோன்சன் தனக்குரியதைவிட நூறு பவுணுக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தது தெரியவந்தது என்று சொல்லப்படுகிறது. அதாவது அகராதி முடிந்த நாளில் அவர் கையில் ஒன்றுமில்லை. உதவியாளர்களில் ஒருவரான பெய்ற்றன் 1776இல் வறுமையில் இறந்தபோது அவரையும் அவர் மனைவியையும் அடக்கம் செய்யும் செலவை ஜோன்சனே ஏற்றார். அந்த அறுவரும் எழுதிக் குவித்த துண்டுகளுக்கு எந்த முகப்புத்தாளிலும் பெயர் இல்லை. திரைக்குப் பின்னால் இருந்த மனிதர் மேசைக்கு வந்தபோது திரைக்குப் பின்னால் வேறு ஆறு பேர் இருந்தார்கள் என்பதையும் இவ்வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

அகராதி வெளிவரும் தறுவாயில் செஸ்ரர்பீல்ட் பிரபு அதைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். 1755 பெப்ரவரி 7இல் ஜோன்சன் அவருக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. உங்கள் வாசலில் காத்திருந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன, தேவைப்பட்டபோது வராத உதவி இப்போது வந்து தொல்லை தருகிறது என்பது அதன் சாரம். புரவலர் யுகம் முடிந்ததற்கான அறிவிப்பு என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அக்கடிதத்தைக் கொண்டாடுகிறார்கள். அது பாதி உண்மை. புரவலர் போன இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்தது. சந்தையிலும் காத்திருக்கும் அறை உண்டு. அகராதி வெளிவந்த அடுத்த ஆண்டு, 1756 மார்ச்சில், 5 பவுண் 18 ஷிலிங் கடனுக்காக ஜோன்சன் கைதுசெய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சேர்ட்சன் அனுப்பிய ஆறு கினியில் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் அதே ஆண்டு யூனில் பழைய திட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்: சேக்ஸ்பியர். மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் கையொப்பம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் வழக்கு மிரட்டல் விடுத்த அதே ரொன்சன் இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பதிப்பு 1765இல் எட்டுத் தொகுதிகளில் வந்தது. மக்பெத்துக்கு எழுதிய மாதிரிக் குறிப்புகளில் பெரும்பகுதி அதில் உரிய இடத்தில் சேர்ந்துகொண்டது. இருபது ஆண்டு கழித்து மாதிரி தன் நூலுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாதிரி கேட்பதே அநியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. பட்டத்தையும் குலத்தையும் கேட்பதைவிட எழுதிய பக்கத்தைக் கேட்பது எவ்வளவோ மேல். ஜோன்சன் போன்ற ஒருவர் உள்ளே வர இருந்த கதவு அது ஒன்றுதான். நம்மில் சான்றிதழ்கள் எரிந்துபோனவர்களுக்கும், படிப்பு இடையில் நின்றவர்களுக்கும், இருக்கும் சான்றிதழ் இந்நாடுகளில் செல்லாதவர்களுக்கும் அதுவே கதவு. கேள்வி, அந்தப் பக்கத்தின் கூலியை யார் கொடுப்பது என்பதுதான். கேவின் பரிசுப் போட்டியில் அதைத் தோற்றவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். மக்பெத் குறிப்புகளில் ஜோன்சன் தானே கொடுத்தார், ஆனால் பக்கத்தைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டார். அகராதித் திட்டத்தில் மாதிரியின் அளவைத் தானே தீர்மானித்தார். ஆனால் முழு வேலைக்கும் எவ்வளவு காலமும் எத்தனை கைகளும் வேண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்.

அகராதியில் 'கிறப் வீதி' என்ற சொல்லும் இருக்கிறது. கூலி எழுத்தாளர்கள் குடியிருந்த அந்த லண்டன் தெருவை விளக்கும்போது, அங்கு வாழ்வோரின் பட்டியலில் அகராதி எழுதுவோரையும் ஜோன்சன் சேர்த்திருக்கிறார். அத்தெருவின் பெயர் 1830இல் மில்ரன் வீதி என்று மாற்றப்பட்டது.

1755 ஏப்ரல் 15இல் 42,000க்கு மேற்பட்ட சொற்களுடன் இரண்டு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. அதற்கு எட்டு வாரம் முன்னதாக, முகப்புத்தாளில் போட்டுக்கொள்ள வசதியாக, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஜோன்சனுக்கு எம். ஏ. பட்டம் வழங்கியது. அவர் சப்பாத்தில்லாமல் அங்கிருந்து வெளியேறி அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பட்டம் இருந்தால் வேலை தருவோம் என்றவர்கள், வேலை முடிந்த பிறகு பட்டம் தந்தார்கள்.